கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா? வாய்க்கால் நிலவரத்தைக் காட்டும் இணைய வரைபடத்தை வடிவமைப்பது குறித்து

கல்லணைக்கரை
ஜூன் 28, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்த இரவுகளில், மூன்று மாதங்களாக ஓர் இணைய வரைபடத்தைச் செய்து வருகிறேன். மேட்டூர் திறந்த பிறகு எந்த ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது, எந்த ஊருக்கு இன்னும் வரவில்லை என்பதை ஒரே பார்வையில் காட்ட வேண்டும், அந்த நிலவரத்தை ஊர்க்காரர்களே தங்கள் கைப்பேசியிலிருந்து பதிய வேண்டும் என்பதுதான் நோக்கம். அடிப்படைப் படத்துக்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும், திரையில் நகர்த்திப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு லீஃப்லெட் என்ற நிரல் தொகுப்பையும் எடுத்துக்கொண்டேன். வருவாய்க் கிராமங்களின் எல்லைகளை மேலே பரப்பி, தண்ணீர் வந்த கிராமத்துக்கு நீலமும் வராத கிராமத்துக்குப் பழுப்பும் கொடுத்தேன்.

முதலில் என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத் தரவை வைக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், அட்சரேகை பிறகு வரும். லீஃப்லெட்டில் ஒரு புள்ளியைக் கையால் கொடுக்கும்போது அட்சரேகைதான் முதலில் வர வேண்டும். இதை மறந்து 79.13, 10.78 என்று எழுதியதால், தஞ்சாவூர் வட துருவப் பக்கம் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் திசையில் போய் உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரம் வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சரியாகிவிட்டது.

சரியாகாதது வேறொன்று. போன வாரம் தலைஞாயிறு பக்கத்துக் கிராமம் ஒன்றை வரைபடம் நீலமாகக் காட்டியது. அதே ஊரிலிருந்து ஒருவர், தம் வாய்க்காலில் புழுதிதான் பறக்கிறது என்றும், இப்படிப் பொய் சொல்லும் படத்தை எடுத்துவிடலாம் என்றும் எழுதியிருந்தார். பதிவேட்டைப் பார்த்தேன். தண்ணீர் வந்தது என்று பதிந்தவர் ஒளிப்படமே இணைத்திருந்தார், அதில் தண்ணீர் ஓடத்தான் செய்தது. ஆக, பதிந்தவரும் உண்மையைச் சொல்லியிருக்கிறார், திட்டியவரும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இரண்டு உண்மைகளைச் சேர்த்து ஒரு பொய்யாக்கியது என் நீலம். இதை எப்படி மாற்றியமைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.


கடைமடையான்
ஜூன் 29, காலை 6.15

தம்பி, திட்டி எழுதியவன் நான்தான். கோபத்தில் எழுதிவிட்டேன், மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சொன்ன செய்தியில் மாற்றமில்லை.

எங்கள் ஊருக்கு மூன்று வாய்க்கால்கள். மேலத்தெருக்காரர்களின் நிலத்துக்கு ஆற்றிலிருந்தே நேராகப் பிரியும் 'ஏ' வாய்க்கால் பாய்கிறது. என்னுடைய பன்னிரண்டு மா, அதாவது நான்கு ஏக்கர், அதிலிருந்து பிரியும் 'பி' வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது. மேலத்தெருவுக்குத் தண்ணீர் வந்து எட்டு நாள் கழித்து எனக்கு வந்த ஆண்டும் உண்டு, வராமலே போன ஆண்டும் உண்டு. வரி வசூலிக்கத்தான் கிராம எல்லை. தண்ணீருக்கு அதை வைத்துக்கொண்டு நிறம் பூசினால் என்னைப் போன்றவன் எப்போதும் படத்திலிருந்து காணாமல்தான் போவான்.

இன்னொன்று. பக்கத்து ஊரைப் பழுப்பாக்கி வைத்திருக்கிறீர்கள். அங்கே என் மைத்துனர் இருக்கிறார், மூன்று நாளாக நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். அந்த ஊரில் ஒருவருக்கும் உங்கள் வரைபடம் பற்றித் தெரியாது, அவ்வளவுதான். செய்தி வராததும் தண்ணீர் வராததும் ஒன்றா?


பழைய மதகு
ஜூன் 29, காலை 11.30

பாசனப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நாங்கள் வேலை பார்த்த அலுவலகத்தின் சுவரில் நீளமான தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஆறு வளையாது. வெண்ணாறு இடமிருந்து வலமாக ஒரே நேர்கோடு. கல்லணை இடது ஓரத்தில் இருக்கும், தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிவது ஒரு கிளை, நீடாமங்கலத்துக்கு அருகில் மூணாறு தலைப்பில் (தலைப்பு என்பது ஆறோ வாய்க்காலோ பிரியும் இடத்து மதகு) பாமணியாறும் கோரையாறும் பிரிவது அடுத்த இரண்டு கிளைகள். ஆற்று நீரை அடைத்துத் திறக்கும் கதவணையான ஒவ்வொரு சட்ரஸும் கோட்டின் குறுக்கே ஒரு சிறு கீற்று. கீற்றின் பக்கத்தில் அன்றைய கன அடியைப் பென்சிலால் எழுதி, மறுநாள் காலை அழித்துவிட்டு மறுபடி எழுதுவோம். அழித்து அழித்து அந்த இடங்களில் தாள் பஞ்சு போல ஆகிவிட்டிருக்கும். ஊர் எங்கே இருக்கிறது, சாலை எங்கே போகிறது என்பதெல்லாம் அதில் கிடையாது. ஆனால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். ஏனென்றால் அதில் இருப்பது தலைமடையிலிருந்து கடைமடை வரையிலான வரிசை மட்டுமே. உங்கள் வரைபடத்துக்குப் பக்கத்தில் அப்படியொரு கோட்டுப் படத்தையும் வைத்து, ஒன்றில் வாய்க்காலைத் தொட்டால் மற்றதில் அதே வாய்க்கால் தடித்துத் தெரியும்படி செய்ய முடியுமானால், அதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

அடுத்து, 'தண்ணீர் வந்தது' என்ற சொல்லைப் பற்றி. அதிகாரிக்கு அது தலைப்பைத் திறந்துவிட்டதைக் குறிக்கும். கரையோரம் நடந்து போகிறவருக்கு வாய்க்காலில் ஈரம் தெரிவதைக் குறிக்கும். உழுகிறவருக்கு மதகில் ஏறி வயலுக்குப் பாய்வதைக் குறிக்கும். கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடினால் ஒளிப்படத்தில் அழகாக இருக்கும், ஆனால் வயல் மட்டத்துக்கு ஏறாது, எஞ்சின் வைத்துத்தான் இறைக்க வேண்டும். ஆகவே பதிவுப் படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டே விடை வைப்பது போதாது.

மூன்றாவது, முறைப்பாசனம். அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்து மாற்றி மாற்றித் திறப்பார்கள். முறை இல்லாத நாளில் ஒரு வாய்க்கால் காய்ந்து கிடப்பது குறைபாடு அல்ல. அதையும் பழுப்பாகக் காட்டினால் பார்க்கிறவர் பதறிப்போவார்.


அளவுச்சங்கிலி
ஜூன் 29, மாலை 5.05

நான் புவியியல் ஆய்வு மாணவி. கடைமடையான் ஐயா கேட்டதுதான் இந்த இழையின் முதன்மையான கேள்வி என்பது என் கருத்து. வரைபடம் செய்கிறவர்கள் தங்களிடம் இருக்கும் தரவுக்கு மட்டும் நிறம் தேர்ந்தெடுத்துவிட்டு, இல்லாத தரவுக்கு மிச்சமிருக்கும் நிறத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியதே 'தெரியவில்லை' என்பதன் தோற்றம்தான். அது இரண்டு நிறங்களுக்கு நடுவே ஒரு மங்கலான நிறமாக இருக்கக் கூடாது, பார்த்தவுடன் வேறு வகை என்று தெரிய வேண்டும். வாய்க்காலைப் பொறுத்தவரை, செய்தி உள்ள இடத்தில் முழுக்கோடும் செய்தி இல்லாத இடத்தில் மெல்லிய சாம்பல் புள்ளிக்கோடும் போட்டால் போதும். நீலம், பழுப்பு இணையை மாற்ற வேண்டாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள், அவர்களுக்கும் இந்த இணை வேறுபட்டுத் தெரியும்.

கிராம எல்லை என்ற பலகோணத்தை விட்டு வாய்க்கால் என்ற கோட்டுக்கு மாறும்போது வேறு சிக்கல்கள் வரும். இணைய வரைபடத்தின் 12-ஆம் உருப்பெருக்க நிலையில் நம் பகுதியில் ஒரு படப்புள்ளி (பிக்சல்) ஏறக்குறைய 37 மீட்டர். ஆறு மீட்டர் அகல வாய்க்காலைக் கண்ணுக்குத் தெரிவதற்காக மூன்று புள்ளி தடிமனில் வரைந்தால், தரையில் நூறு மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறாக அது தோன்றும். பாசன வாய்க்காலும் வடிகாலும் ஒரே கரையின் இரு பக்கமும் ஓடும் இடங்களில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். அங்கே ஒன்றைச் சற்று விலக்கித்தான் வரைய வேண்டும். அது இடப்பொய் என்றாலும் செய்ய வேண்டிய பொய்.

தொலைவு பற்றியும் ஒரு எச்சரிக்கை. பழைய மதகு ஐயா சொல்லும் கோட்டுப் படத்துக்குத் தலைப்பிலிருந்து ஒவ்வொரு மதகும் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு வேண்டும். உருண்டையான பூமியைத் தட்டையாக்கித் திரையில் காட்டும் மெர்காட்டர் வீழலில் நேரடியாக அளந்தால், நம் அட்சரேகையில் நூற்றுக்கு 1.8 அளவு கூடுதலாக வரும். இருபது கிலோமீட்டர் வாய்க்காலில் அது 360 மீட்டர், அதாவது அடுத்த மதகுக்கே போய்விடலாம். டெல்டா முழுவதும், உலகத்தைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 44-ஆம் மண்டலத்துக்குள் அடங்குகிறது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அதற்கு மாற்றிக்கொண்டு அளந்தால் இந்தத் தொல்லை இல்லை.


கல்லணைக்கரை
ஜூன் 29, இரவு 11.20

மூவருக்கும் நன்றி. கிராம எல்லையைக் கைவிடுகிறேன். வாய்க்கால் கோடுகளுக்கு, ஒருவர் அன்போடு கொடுத்த பழைய அங்குலத்துக்கு ஒரு மைல் அளவு வரைபடத் தாளை ஸ்கேன் செய்து எடுத்து, அதன்மேல் வரையத் தொடங்கினேன். எல்லா வாய்க்கால்களும் ஒரே திசையில் விலகி நிற்கின்றன, ஒரு சட்ரஸ் பக்கத்து நெல் வயலில் நிற்கிறது. தாள் சுருங்கியிருக்குமா?


அளவுச்சங்கிலி
ஜூன் 30, காலை 7.50

தாள் மீது பழி போட வேண்டாம். அந்தத் தாள்கள் எவரெஸ்ட் 1830 என்ற புவியுருவை, அதாவது பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரியைக் கொண்டு வரையப்பட்டவை, உங்கள் கைப்பேசி டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு மாதிரியில் பேசுகிறது. இரண்டுக்கும் இடையே நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகல் வரும். தாளின் நான்கு மூலைகளில் அச்சிட்டிருக்கும் ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) அப்படியே கொடுக்காமல், இன்றும் நிற்கும் பழைய கட்டுமானங்களை, அதாவது கோயில், இரயில் பாலம், சட்ரஸ் போன்றவற்றை, இணைப்புப் புள்ளிகளாக வைத்துப் பொருத்துங்கள். இன்னொரு வேண்டுகோள். வணிக நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்துக் கோடு போட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கக் கூடாது, உரிமம் இடம் தராது. கரையோரம் நீங்களே நடந்து கைப்பேசியில் பதிந்த தடத்தைத் தாராளமாகச் சேர்க்கலாம், அடுத்து வருகிறவர்களுக்கும் அது உதவும்.


வானத்தான்
ஜூன் 30, காலை 10.10

இத்தனை பேர் எதற்கு நடக்க வேண்டும் என்று புரியவில்லை. செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிறதே? சென்டினல்-1 ரேடார் மேகத்தையும் ஊடுருவும். தானியங்கியாக எடுத்து நீலம் பூசிவிட்டால் யாரும் பதியவே வேண்டியதில்லை.


அளவுச்சங்கிலி
ஜூன் 30, பகல் 1.30

நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயல் பரப்பை அறிய அது மிகவும் நல்ல கருவிதான், நானே ஆய்வில் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தப் படத்தின் கட்டம் பத்து மீட்டர். மூன்று மீட்டர் 'பி' வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்பதை அதனால் சொல்ல முடியாது. போர்வெல் வைத்திருப்பவர் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திராமல் வயலை நிரப்பியிருந்தால் அதுவும் ஈரமாகத்தான் தெரியும். மேலும் ஒரே இடத்துக்கு மறுபடி வர அது சில நாட்கள் எடுத்துக்கொள்ளும். கடைமடையான் ஐயாவுக்கு வேண்டியது இன்று காலை நிலவரம்.


குடந்தை அச்சு
ஜூன் 30, இரவு 8.45

கும்பகோணத்தில் அச்சுப் பக்க வடிவமைப்பு செய்கிறவன் நான். வரைபட நுட்பம் தெரியாது, எழுத்து மட்டும் தெரியும். இணைப்பைத் திறந்து பார்த்தேன். அடிப்படைப் படத்தை வேகமாகக் காட்டும் புதிய முறை ஒன்றைச் சோதனைப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் போலும். அதில் திருத்துறைப்பூண்டியின் ஐகாரக் கொம்பு 'ற'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. வேதாரண்யத்தில் ஏகாரக் கொம்பு 'வ'வைத் தாண்டிக் குதித்துவிட்டது. எழுத்துரு கோளாறு என்று நினைத்து மூன்று எழுத்துருக்களை மாற்றச் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு பார்த்தால், அதே எழுத்துரு பக்கத்தின் தலைப்பில் ஒழுங்காக நிற்கிறது.


கல்லணைக்கரை
ஜூன் 30, இரவு 11.05

ஐயா, மிகச் சரியாகக் கண்டீர்கள். கோப்பில் 'ற'வும் அதற்குப் பிறகு 'ை'யும் என்ற வரிசையில்தான் எழுத்துகள் இருக்கும். கொம்பை முன்னால் தூக்கி வைப்பது எழுத்தை வரையும் நிரலின் வேலை. உலாவி அதைச் செய்கிறது. சோதனைப் பக்கத்தில் நான் வைத்திருக்கும் மேப்லிப்ரே என்ற வரைபட நிரல், எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படமாக்கி வரிசையாக அடுக்குவதால் இந்திய மொழிகளுக்கு இந்தக் கதி. ஆகவே அதைக் கிடப்பில் போட்டுவிட்டேன். ஊர்ப் பெயர்களையும் வாய்க்கால் பெயர்களையும் லீஃப்லெட்டில் உலாவியே வரையும் சாதாரண எழுத்தாக வைத்துவிட்டேன். வேகம் சற்றுக் குறைவு, ஆனால் வேதாரண்யம் வேதாரண்யமாக இருக்கிறது.


குடந்தை அச்சு
ஜூலை 1, காலை 9.00

நல்லது. அடுத்தது என் தொழில் சார்ந்த பெரிய குறை. நீங்கள் 'பகிர்' பொத்தானை வைத்து, அதில் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தையும் உருப்பெருக்கத்தையும் சுட்டியிலேயே அடக்கியிருப்பது நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் சுட்டியை யார் அனுப்புகிறார்கள்? எல்லோரும் திரையைப் படமெடுத்து வாட்ஸப்பில் தட்டிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் தேதி இல்லை, நிறத்துக்கான விளக்கம் மூலையில் மறைந்திருக்கிறது, அலைவரிசைக் கம்பிகளும் மின்கல அளவும்தான் பளிச்சென்று தெரிகின்றன. திரையின் நடுமேல் பகுதியில், எவ்வளவு நகர்த்தினாலும் மறையாத ஒரு பட்டையில், 'ஜூலை 1 காலை 9 மணி நிலவரம்' என்று ஆண்டோடு சேர்த்து அச்சிடுங்கள். அச்சுத் தாளில் நாள் போடாமல் ஒரு பக்கத்தையும் நாங்கள் வெளியே விடமாட்டோம்.


கடைமடையான்
ஜூலை 1, மாலை 4.20

அச்சுக்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது, சட்ரஸ் நிறையத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் அதை நம்பி விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டார்கள். படத்தில் கரையோரம் நின்ற தென்னைகளை உற்றுப் பார்த்தேன், கஜா புயலில் விழுந்த மரங்கள் அதில் நின்றுகொண்டிருந்தன. 2018 நவம்பருக்கு முந்தைய படம் அது. தென்னை இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

நவம்பரைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஜூனில் நீலம் பார்த்தால் எங்களுக்கு வயிறு குளிரும். வடகிழக்குப் பருவமழையில், சம்பாப் பயிர் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும்போது, அதே நீலம் வயிற்றைக் கலக்கும். அப்போது எங்களுக்கு வேண்டியது தண்ணீர் வந்ததா என்பதல்ல, வடிந்ததா என்பது. எங்கள் பக்கத்தில் ஒரே ஆறு பாய்ச்சவும் செய்கிறது, வடிக்கவும் செய்கிறது. மேலே உள்ள வயல்களிலிருந்து கழிந்த நீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வந்துவிட்டது என்று பதிகிறவர்களும் இருப்பார்கள்.


பழைய மதகு
ஜூலை 1, இரவு 7.35

ஆகவே ஒரே வரைபடத்தை ஆண்டு முழுவதும் ஓட்ட முடியாது. பாசனக் காலத்துக்கு ஒன்றும் மழைக்காலத்துக்கு ஒன்றுமாகக் கேள்வியும் நிறமும் மாற வேண்டும். ஜனவரி 28-இல் அணையை மூடுவது வழக்கம் என்பதால், அதன்பிறகு இரண்டுமே தேவையில்லை. அந்த நாட்களில் தூர்வாரும் வேலை எங்கே நடக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்துக்கிடக்கிறது என்று பதியலாம்.

மற்றொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோதனைப் பக்கத்தில் பதிவு செய்தவரின் இடம் ஒரு குத்தூசியாகத் தெரிகிறது. தண்ணீர் குறைவாக உள்ள நாளில், எந்த மதகு திறந்திருந்தது, அதைக் கண்டு யார் பதிந்தார் என்பது வரைபடத்தில் தெரிந்தால் இரவோடு இரவாகக் கைகலப்பு வரும். மடை மாற்றும் சண்டைகளில் மண்வெட்டியால் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரின் நிலை பொதுவில் தெரிய வேண்டும், பதிந்தவர் நின்ற இடம் தெரியக் கூடாது.


வானத்தான்
ஜூலை 1, இரவு 9.15

அப்படி மறைத்தால் பொய்ப் பதிவுகளை யார் கண்டுபிடிப்பது? பெயரில்லாமல் யார் வேண்டுமானாலும் எதையும் பதியலாம் என்றால் நம்பகம் எங்கிருந்து வரும்?


கல்லணைக்கரை
ஜூலை 2, காலை 6.40

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நான் இப்படி வைத்திருக்கிறேன். பதிகிறவரின் இடம் வழங்கிக்கு (சர்வருக்கு) வரும்போதே அருகில் உள்ள மூன்று வாய்க்கால்களின் பெயர்கள் அவருக்குக் காட்டப்படும், அவர் தம்முடையதைத் தேர்ந்தெடுத்தவுடன் ஆயங்கள் அழிக்கப்பட்டுவிடும். முன்பு நானே அருகில் உள்ள கோட்டோடு தானாக ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். தென்னந்தோப்புக்குள் நின்று பதிந்தால் கைப்பேசி காட்டும் இடம் பல மீட்டர் தள்ளிப் போகும், அப்போது செய்தி கரைக்கு மறுபக்கம் உள்ள வடிகாலில் போய் ஒட்டிக்கொள்ளும். கேட்டுவிடுவதே மேல். ஒரு வாய்க்காலுக்கு முதல் பதிவு வந்ததும் கோடு மெல்லிய நீலமாகும், வேறொரு கைப்பேசியிலிருந்து இரண்டாம் பதிவும் அதையே சொன்னால்தான் தடிக்கும். முரணாக வந்தால் கோடு நீலமும் பழுப்புமாக மாறி மாறித் தெரியும், தொட்டால் இரண்டு செய்திகளும் நேரத்தோடு விரியும். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

பழைய செய்தியை என்ன செய்வது என்பதில் தடுமாறினேன். நாளாக ஆக நிறம் மங்கும்படி முதலில் செய்தேன். பார்த்த ஒருவர், மங்கலான நீலத்தைக் குறைந்த தண்ணீர் என்று புரிந்துகொண்டார். இப்போது மூன்று நாள் புதிய செய்தி வராவிட்டால் கோடு மறுபடி சாம்பல் புள்ளிக்கோடாகிவிடுகிறது. முறைப்பாசனக் காலத்தில் முறை இல்லாத வாய்க்காலுக்கு வெள்ளைக் கோட்டில் கருங்கரை, விளக்கம் 'முறை இல்லை'.

படிவத்தில் இப்போது மூன்று விடைகள்: வரவில்லை, வாய்க்காலில் இருக்கிறது ஆனால் ஏறவில்லை, வயலுக்குப் பாய்கிறது. சொற்கள் பழைய மதகு ஐயாவுடையவை.


அளவுச்சங்கிலி
ஜூலை 2, பகல் 12.10

மிக நன்றாக இருக்கிறது. ஆனால் என் கைப்பேசியில் திறக்கவே ஒரு நிமிடம் ஆனது. உங்கள் வாய்க்கால் கோப்பைத் தரவிறக்கிப் பார்த்தேன். கியூஜிஐஎஸ் இயல்பாகவே ஒவ்வோர் ஆயத்தையும் 15 தசம இலக்கங்களோடு எழுதிவிடும், அதை அப்படியே வைத்திருக்கிறீர்கள். ஐந்து இலக்கம் இருந்தாலே ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம் கிடைக்கும், மீதிப் பத்தும் வெறும் சுமை. அதைக் குறைத்த பிறகும் கனமாக இருந்தால், டக்ளசும் பாய்க்கரும் 1973-இல் வெளியிட்ட முறையில் கோட்டின் வளைவுகளை எளிமையாக்கலாம். ஒரே கவனம்: கிளை பிரியும் புள்ளிகளை அசையாமல் பூட்டி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் 'பி' வாய்க்கால் 'ஏ' வாய்க்காலைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்.

கடந்த ஆண்டுகளின் சாகுபடிப் புள்ளிவிவரத்தையும் சேர்க்கப் போவதாக உங்கள் சோதனைப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். மாவட்ட வாரியாக ஒப்பிடாதீர்கள். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினமும், 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் பிரிந்து தனி மாவட்டங்களாயின. எல்லையைப் பார்க்காமல் வரைந்தால், நாகப்பட்டினத்தில் நெல் பரப்பு திடீரென்று சரிந்துவிட்டது போல ஒரு பயங்கரமான வரைபடம் கிடைக்கும், அங்கே நடந்தது மாவட்டப் பிரிவினை மட்டுமே.


பழைய மதகு
ஜூலை 2, மாலை 6.00

கோட்டுப் படத்தைப் பார்த்தேன். எங்கள் சுவர்த் தாள் திரும்பவும் உயிர் பெற்றது போல இருந்தது. ஒரு திருத்தம்: கிளைகளை மேலும் கீழுமாக இடம் கிடைத்த பக்கம் வரைந்திருக்கிறீர்கள். தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கையில் பிரிவது மேலேயும் வலக்கையில் பிரிவது கீழேயும் வர வேண்டும். இல்லையென்றால் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர்கள் அதைப் படிக்கவே மாட்டார்கள்.

வரைபடமே வேண்டாம் என்பவர்களுக்காக ஒரு பட்டியலும் வையுங்கள். என் வயதுக்காரர்களுக்கு இரண்டு விரல்களால் பெரிதாக்குவது கைகூடுவதில்லை. வாய்க்கால் பெயர், நிலை, பதிந்த நேரம் என்று பெரிய எழுத்தில் இருந்தால் பேரன் உதவி இல்லாமலே பார்த்துக்கொள்வோம்.


கல்லணைக்கரை
ஜூலை 3, இரவு 10.15

இடக்கை, வலக்கை திருத்தம் முடிந்தது, பட்டியலும் வந்துவிட்டது. தசமங்களைக் குறைத்ததிலேயே கோப்பு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தேதிப் பட்டை திரையின் நடுமேலே நிற்கிறது. பகிரும் படத்திலும் அது கூடவே போகும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கான குறிப்பும் போகும். அவர்களுடைய பொது வழங்கிகள் பெருங்கூட்டத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல என்பதால், டெல்டா பகுதிக்கு மட்டும் அடிப்படைப் படத்துண்டுகளை நானே தயாரித்துத் தனியாக ஏற்றிவிட்டேன். அடுத்த முறை கல்லணை திறக்கும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால்தான் தாங்குமா என்று தெரியும்.


கடைமடையான்
ஜூலை 5, காலை 7.25

தம்பி, இன்று காலை எங்கள் 'பி' வாய்க்கால் தடித்த நீலமாக இருந்தது. இரண்டு பேர் பதிந்திருக்கிறார்கள், 'வயலுக்குப் பாய்கிறது' என்று. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். வாய்க்காலின் மேற்குப் பாதியில் உண்மையிலேயே பாய்கிறது, யாரையும் குறை சொல்ல முடியாது. என் வயல் அங்கிருந்து ஒன்றரை மைல் கிழக்கே இருக்கிறது. நடுவில் பாலத்தடி மதகில் மரம் விழுந்து குப்பை அடைத்துக்கிடக்கிறது, அதற்கு இந்தப் பக்கம் வெறும் ஈரம்தான். கிராமத்தை வாய்க்காலாக வெட்டினீர்கள். வாய்க்காலையும் வெட்ட முடியுமா?


கல்லணைக்கரை
ஜூலை 5, காலை 8.10

முடியும் ஐயா. மதகுக்கு மதகு துண்டாக்க வேண்டும், அதற்கு எல்லா மதகுகளின் இடமும் வேண்டும். உங்கள் வாய்க்காலில் மொத்தம் எத்தனை மதகு?


கடைமடையான்
ஜூலை 5, காலை 8.30

பதினொன்று. எட்டாவதும் ஒன்பதாவதும் இடிந்து கிடக்கின்றன, அவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் கரையோரம் நடந்து ஒவ்வொன்றிலும் நின்று பதிந்து அனுப்புகிறேன்.